லெப்ட்ல வர்றான்

என் அண்ணன் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். பிரம்மதேசம் பக்கத்து ஊர்களிலிருந்து உப்பளத்து வேலைக்கு வரும் பெண்களை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவான். வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுவான். பதினோரு வருஷத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. இப்போது அவன் ஓட்டுவதில்லை. அவன் கையிலிருந்து அந்தச் சாவி போனதற்கு நான்தான் காரணம். மரக்காணத்தில் யாரைக் கேட்டாலும் நான் நல்ல காரியம் செய்ததாகத்தான் சொல்வார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எனக்கு அப்போது பதினாறு வயது, அவனுக்கு இருபத்தொன்று. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் அவன் வேலை பார்த்தான். மத்தியானம் முதலாளி சாப்பிடப் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடைசிக் கம்ப்யூட்டரில் ஒரு சி.டி.யைப் போடுவான். பழைய உலக யுத்தத்துச் சண்டை விமானங்கள், மூக்கில் காற்றாடி சுற்றுகிற ரகம். அதை விளையாட்டு என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். சிமுலேட்டர் என்று சொல்ல வேண்டும். நிஜ விமானத்தில் என்னென்ன உண்டோ அத்தனையும் அதில் உண்டு. சக்கரத்தை மடக்க மறந்தால் வேகம் பிடிக்காது, மூக்கை அதிகம் தூக்கினால் கல்லாக விழும். ஜாய்ஸ்டிக் அவன் கையில். பக்கத்து ஸ்டூலில் நான்.

"கை நான், கண்ணு நீ" என்பான். கீபோர்டில் பட்டன்களைத் தட்டி இடம், வலம், பின்னால், மேலே என்று மாற்றி மாற்றிப் பார்த்து, எதிரி எங்கே வருகிறான் என்று சொல்வது என் வேலை. லெப்ட்ல வர்றான், மேல வர்றான், பின்னாடி ரெண்டு பேரு. எதிரி எங்களைச் சுட்டுவிட்டால் நடு மண்டையில் எனக்கு ஒரு குட்டு விழும். நாங்கள் எதிரியைச் சுட்டால் ஒரு ஷொட்டு, அதை அவனே தன் தோளில் தட்டிக்கொள்வான்.

எனக்கும் ஒரு நாள் கொடுண்ணா என்று ஒரு வருஷம் கெஞ்சினேன். ஒரு மத்தியானம் கொடுத்தான். அவன் கூட்டாளிகள் நாலு பேர் பின்னால் நின்றார்கள். விமானம் என் கையில் எழும்பியது, திரும்பியது, கடலைத் தாண்டியது, தளும்பாமல் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைப்பது போல வந்து இறங்கியது. நாலு பேரும் கை தட்டினார்கள். அம்மாவிடம் சொன்னேன், பள்ளிக்கூடத்தில் சொன்னேன், டியூஷனில் எனக்குப் பிடித்திருந்த ஒரு பெண்ணிடமும் போய்ச் சொன்னேன். பத்து நாள் நான் தரையில் நடக்கவில்லை. பதினோராம் நாள் டீக்கடையில் அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் விஷயத்தை உடைத்தான். ஜாய்ஸ்டிக்கின் வயரை அவன் முன்பே பிடுங்கி வைத்திருந்தான். விமானம் தானாகப் பறக்கிற ஏற்பாடு அதில் உண்டு, அதைப் போட்டுவிட்டான். நான் திருப்பியது, தூக்கியது, இறக்கியது எல்லாம் வெறும் பிளாஸ்டிக்கை ஆட்டியதுதான். அன்றிலிருந்து எனக்குப் பைலட் என்று பேர். இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் அப்படிக் கூப்பிடுகிறார்கள்.

அண்ணன் அந்த வேலையை விட்டு, லாரியில் கிளீனராகப் போய், டிரைவராகி, கடைசியில் வேனுக்கு வந்தான். கம்ப்யூட்டர் என் பக்கம் வந்தது. பதினைந்து வருஷமாகக் கம்ப்யூட்டர், செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேலேயே வீடு.

அந்தச் சிமுலேட்டரைச் செய்த கம்பெனி அதை எப்போதோ கைகழுவிவிட்டது. ஆனால் அதை விட முடியாத ஆட்கள் உலகமெங்கும் இருந்தார்கள். ரிட்டயரான மெக்கானிக், பள்ளிக்கூட வாத்தியார், வேலை வெட்டி இல்லாதவர் என்று பல பேர் சேர்ந்து, சம்பளம் இல்லாமல், இருபது வருஷத்துக்கு மேலாக அதைப் பழுது பார்த்துக்கொண்டே இருந்தார்கள். புது விமானம் சேர்த்தார்கள், புது மேகம் சேர்த்தார்கள், எஞ்சின் சத்தத்தை மியூசியத்துக்குப் போய்ப் பதிவு செய்து வந்து சேர்த்தார்கள். எங்கள் ஊர்க் கோயில் கமிட்டி மாதிரி நடுவில் சண்டை போட்டுக்கொண்டு இரண்டு கோஷ்டியாகவும் பிரிந்தார்கள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது போல, போட்டி போட்டுக்கொண்டு இரண்டு கோஷ்டியும் செய்ததில் என்னைப் போன்றவர்களுக்குத்தான் லாபம். கடைசியில், வி.ஆர். கண்ணாடி என்று, இரண்டு கண்ணையும் மூடுகிற ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்து ஓட்டுகிற வசதியையும் கொண்டுவந்துவிட்டார்கள்.

புதுச்சேரியில் ஒருத்தர், தலை சுற்றுகிறது என்று தன் வி.ஆர். கண்ணாடியை விற்றார். வாங்கி வந்தேன். அண்ணனின் பழைய சி.டி. அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. அதை முதலில் ஏற்றி, அதன் மேல் அந்த ஆட்கள் செய்த சேர்க்கைகளை ஒவ்வொன்றாக, அவர்கள் சொன்ன வரிசையில் ஏற்ற வேண்டும். வரிசை ஒன்று தப்பினால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நாலு நாள் ஆனது. ஐந்தாம் நாள் கண்ணாடியை மாட்டினேன். சுற்றிலும் விமானம். குனிந்தால் என் முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரனின் முழங்கால். திரும்பினால் இறக்கை, எட்டிப் பார்த்தால் ஆயிரக்கணக்கான அடிக்குக் கீழே தரை. பத்து நிமிஷத்தில் கழற்றிவிட்டுப் போய் வாந்தி எடுத்தேன். வாய் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடியும் மாட்டிக்கொண்டேன்.

தரைப் படத்தை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்தேன். கல்யாணங்களுக்கு டிரோன் கேமரா விடும் ஒருத்தரிடம், மேலிருந்து எடுத்த உப்பளப் படங்கள் நிறைய இருந்தன. அவற்றை ஒட்டி ஒட்டி, விமானத்துக்குக் கீழே மரக்காணத்தை விரித்தேன். கடலோரம், ஈ.சி.ஆர். ரோடு, வெள்ளை வெள்ளையாகப் பாத்திகள், பாத்திக்குப் பாத்தி உப்பு அம்பாரம்.

ஒரே ஒரு குறை இருந்தது. வலப்பக்கம் கீழே வரும் எதிரி விமானம் திடீர் திடீரென்று காணாமல் போனது. அந்தப் பக்கத்திலிருந்து நான் அடிபட்டுக்கொண்டே இருந்தேன். அந்த ஆட்களின் இணையப் பக்கத்தில் போய், வலப்பக்கம் விமானம் மறைகிறது, உங்கள் வேலையில் பிழை இருக்கிறது என்று காரசாரமாக எழுதினேன். எந்தத் தேசத்திலிருந்தோ ஒரு பெரியவர் பொறுமையாகப் பதில் போட்டார். தானும் இன்னும் ஏழெட்டுப் பேரும் சோதித்துப் பார்த்ததாகவும், யாருக்கும் அப்படி ஆகவில்லை என்றும். கிழவனுக்குப் பொய் சொல்லவும் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணனைக் கூப்பிட்டேன்.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உப்பளத்தில் இறங்குகிறவர்கள் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டுதான் நடப்பார்கள். வெள்ளைப் பாத்தியில் பட்டுத் திரும்புகிற வெயில் அப்படி. ஒரு கண் களைத்தால் அதை மூடிக்கொண்டு மற்றதைத் திறப்பார்கள். நிழலுக்கு வந்தால் இரண்டையும் திறந்துவிடுவார்கள். அப்பா உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தார், அதனால் நாங்கள் இருவருமே சின்ன வயதில் அந்தப் பாத்திகளில் வளர்ந்தவர்கள். அண்ணன் சில வருஷமாக எப்போதும் இடது கண்ணை இடுக்கியபடி இருந்தான். நிழலிலும் இடுக்கியிருந்தான், கல்யாண வீட்டு போட்டோக்களிலும் இடுக்கியிருந்தான். உப்பளத்துக் கண்ணு என்று அம்மா சொன்னாள், நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம். வேறு ஊராக இருந்தால், கண்ணில் என்ன கோளாறு என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

கண்ணாடியை மாட்டி, ஜாய்ஸ்டிக்கைக் கையில் கொடுத்தேன். அவன் பார்ப்பது அப்படியே பக்கத்து மானிட்டரிலும் தெரியும். விமானம் எழும்பியதும் குனிந்து கீழே பார்த்தான். வாய் திறந்திருந்தது.

"டேய். இது நம்ம உப்பளம்டா."

"ஆமாண்ணா."

"அதோ, அப்பா பாத்துக்கிட்டு இருந்த எடம். ஏன்டா இவ்ளோ தண்ணி நிக்குது? மழைக்கு அப்புறம் எடுத்த போட்டோவா?"

மழைக்கு அப்புறம் எடுத்ததுதான். டிரோன் வைத்திருப்பவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவன் மேலிருந்தே கண்டுபிடித்தான். இருபத்து மூன்று வருஷம் ஆகியும் கை எதையும் மறக்கவில்லை. ரோட்டின் மேலேயே தாழப் பறந்து, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வந்து, சின்னப் பிள்ளை போலச் சிரித்தான். என் வயிறு எரிந்தது. நான் நாட்கணக்கில் வாந்தி எடுத்துக் கற்றுக்கொண்டதை அவன் நாலு நிமிஷத்தில் செய்தான்.

எதிரிகளை விட்டேன். முதல் ஆள் இடப்பக்கத்திலிருந்து வந்தான். அண்ணன் திரும்பவே இல்லை, வந்தவன் அவனைச் சுட்டு வீழ்த்தினான். மறுபடியும் விட்டேன், மறுபடியும் இடப்பக்கம், மறுபடியும் அண்ணன்தான் விழுந்தான். வலப்பக்கம் வந்தவர்களை எல்லாம் நிமிஷத்தில் கொன்றான். இடப்பக்கம் வருகிறவன் இறக்கையை ஒட்டி வந்து நிற்கிறான், மானிட்டரில் எனக்கு அவன் வால் நம்பர்கூடத் தெரிகிறது, இவன் நேரே பார்த்துக்கொண்டிருக்கிறான். லெப்ட்ல வர்றான் என்று தொண்டை வரை வந்தது. சொல்லவில்லை. ஏழு முறை செத்தான். ஏழு முறையும் நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

"இது என்னாடா, லெப்ட்ல வர்றவன் தெரியவே மாட்டேங்குறான்? உன் மெஷின் சரியில்ல."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன்.

அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிகரெட்டுக்குப் போன நேரத்தில், டீ டம்ளரை மேஜையில் அவனுக்கு இடப்பக்கம், முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி வைத்தேன். வந்து உட்கார்ந்தவன் தட்டிவிட்டான். டீ மடியெல்லாம் கொட்டியது. "ஏன்டா அங்க வெச்ச?" என்றான். துணியைக் கொடுத்துக்கொண்டே அவன் இடது கண்ணைப் பக்கத்தில் பார்த்தேன். அது என்னைப் பார்க்கவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. ஒற்றைக் கண்ணோடு ஆள் ஏற்றுகிற வண்டி ஓட்டக்கூடாது. வேன் முதலாளிக்குத் தெரிந்தால் அன்றைக்கே சாவியை வாங்கிவிடுவார். இருபது பெண்கள் அந்த வேனில் வருகிறார்கள். நல்லவனாக இருந்தால் அந்த மத்தியானமே அவன் கையைப் பிடித்து, என்னண்ணா ஆச்சு என்று கேட்டிருப்பேன். நான் கேட்கவில்லை. சீட்டாட்டத்தில் துருப்பு கிடைத்தவன் போல மடக்கி வைத்துக்கொண்டேன். மூன்று வாரம் அது என்னிடம் இருந்தது. ரோட்டில் அவன் வேன் போவதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சந்தோஷம் வந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்றாம் வாரம் என் மகளுக்குக் கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயிலில் காதுகுத்து. மொட்டை போட்டு, மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தி, மரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். என் மாமியார் வீட்டுக்காரர்கள் முழுக்க இருந்தார்கள். அண்ணன் வழக்கம் போல ஆரம்பித்தான்.

"உங்க மாப்பிள்ளைய என்னான்னு நெனச்சீங்க? வயரே இல்லாம ஏரோப்ளேன் எறக்குனவரு."

முழுக் கதையையும் சொன்னான். டியூஷன் பெண் வரைக்கும் சொன்னான். மாமனார் சிரித்தார், மச்சான் சிரித்தான். காது வலியில் அழுதுகொண்டிருந்த என் மகளும் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் நான் முடிவு செய்தேன்.

மத்தியானம் எல்லோருக்கும் எங்கள் வீட்டில் சாப்பாடு. வேன் முதலாளியும் வந்திருந்தார். அவர் வேனில்தான் எல்லோரும் கோயிலுக்குப் போனோம், அண்ணன்தான் ஓட்டினான். பந்தி முடிந்ததும் நான் உள்ளறைக்குப் போய், வி.ஆர். கண்ணாடியின் வலது லென்ஸ் மேல் கருப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டினேன். வெளிச்சம் கசிகிறதா என்று தூக்கிப் பார்த்தேன். கசியவில்லை. பிறகு கம்ப்யூட்டரைக் கூடத்து டி.வி.யில் மாட்டினேன்.

"எல்லாரும் வாங்க. எங்கண்ணன் பிளேன் ஓட்டுறதப் பாருங்க" என்றேன். வேன் முதலாளிக்கு முன்வரிசையில் நானே நாற்காலி போட்டேன்.

அண்ணன் சந்தோஷமாக வந்து உட்கார்ந்தான். வேட்டியை மடித்துக்கொண்டு, "பைலட்டு, வயர் இருக்குதா பாத்துக்கோ" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடியை மாட்டிவிட்டேன். டி.வி.யில் விமானம் வானத்தில் பறந்துகொண்டிருந்தது, கீழே உப்பளம் பளபளத்தது, எஞ்சின் சத்தம் வீட்டை நிறைத்தது.

"டேய், ஒண்ணும் தெரியலடா."

"நல்லா இழுத்து மாட்டுண்ணா."

"மாட்டிட்டேன்டா. கரண்டு போச்சா?"

அவன் தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"டி.வி.ல ஓடுதேண்ணா. எல்லாருக்கும் தெரியுதே."

"எனக்கு இருட்டாதான்டா இருக்குது."

"வலது கண்ணுலதான் டேப் ஒட்டியிருக்கேன்" என்றேன். "இடது கண்ணுல ஒட்டல. இடது கண்ணால பாரு."

சிரிப்பு ஒரேயடியாக நிற்கவில்லை. முன்வரிசையில் நின்றது, பின்னால் இரண்டு மூன்று பேர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், பிறகு அவர்களும் நிறுத்தினார்கள். அண்ணன் கண்ணாடியைக் கழற்றவில்லை. கழற்றினால் எங்கள் முகங்களைப் பார்க்க வேண்டியிருக்கும். ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தபடி அந்த இருட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். டி.வி.யில் விமானம் மெதுவாக மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு இறங்கி, அப்பா மேஸ்திரியாக இருந்த பாத்திகளைத் தாண்டிப் போய் விழுந்து எரிந்தது.

அண்ணிதான் வந்து கண்ணாடியை அவன் தலையிலிருந்து கழற்றினாள். உப்பு வாரும் வேலைக்குப் போகிறவள், அதே வேனில்தான் தினமும் போய் வருகிறாள்.

வேன் முதலாளி எழுந்தார். "எத்தினி வருஷமாப்பா?" என்று கேட்டார்.

"மூணு."

"சாவியக் குடு. கோச்சுக்காத. நாளைக்கு நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

அண்ணன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தான். என்னைத் திட்டவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணி படியில் இறங்கும்போது நின்று, என்னிடம் மட்டும் சொன்னாள்.

"வண்டில தெனமும் நான் அவருக்கு லெப்ட் சைடுலதான் தம்பி உக்காந்து வர்றேன். பைக்கு வந்தா சொல்லுவேன், ஆடு வந்தா சொல்லுவேன். சின்ன வயசுல நீங்க செஞ்ச வேலைதானாமே அது. அவருதான் சொன்னாரு."

அன்று ராத்திரி என் பெண்டாட்டி பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். "வேன்ல வர்ற பொம்பளைங்களுக்காகத்தான் சொன்னேன்னு எங்கப்பாகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தீங்களே. உங்களுக்குத் தெரிஞ்சு மூணு வாரம் ஆச்சு. அந்த மூணு வாரமும் வேன் ஓடிக்கிட்டுதான இருந்துச்சு? இன்னைக்கு நம்ம புள்ளயையும் அதுலதான ஏத்துனீங்க?" தூக்கம் வருகிறது என்று போய்ப் படுத்துவிட்டேன்.

புது டிரைவர் வந்தான். இரண்டு கண்ணும் உள்ளவன். வந்த மாதமே பிரம்மதேசம் ரோட்டில் ஒரு கன்றுக்குட்டியை அடித்துப் போட்டான். அண்ணன் உப்பு சுமக்கப் போனான். நாற்பத்து நாலு வயதில், தலையில் கூடையோடு வரப்பில் நடக்கப் பழகினான். அவன் ஓட்டிய வேனிலேயே, பின் சீட்டில் உட்கார்ந்து போனான். வரப்பில் இடப்பக்கம் சரிந்து இரண்டு முறை பாத்தியில் விழுந்தான் என்று கேள்விப்பட்டேன். கணுக்காலில் உப்புத் தண்ணீர் பட்ட புண் ஆறாமல் இருந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை. வெற்றிலை பாக்கு வைத்து அவன் கூப்பிடட்டும் என்று வீறாப்பாக இருந்துவிட்டேன். நிஜத்தில் பயம்.

இரண்டு மாதம் கழித்து அவனே கடைக்கு வந்தான். ஸ்டூலில் உட்கார்ந்தான். மடித்து மடித்துக் கிழியப் போகிற ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தான். மூன்று வருஷத்துக்கு முந்தைய கண் ஆஸ்பத்திரிச் சீட்டு. கண்ணில் பிரஷர், இடது பார்வை போய்விட்டது, திரும்பாது, வலதுக்குத் தினமும் சொட்டு மருந்து. கடைசியில் டாக்டர் இங்கிலீஷில் இரண்டு வரி எழுதி, அடியில் கோடு போட்டிருந்தார்.

"படி" என்றான்.

படித்தேன். இது குடும்பத்தில் வருகிற நோய், கூடப்பிறந்தவர்களை உடனே சோதிக்க வேண்டும் என்று இருந்தது.

"அது உன்னத்தான் சொல்லுது" என்றான். "வலிக்காதாம். இருட்டாவும் தெரியாதாம். ஓரத்துல கொஞ்சம் கொஞ்சமா காணாமப் போவுமாம், நமக்கே தெரியாதாம். மூணு வருஷமா பாக்கெட்டுல வெச்சிருந்தேன். உன்கிட்ட சொன்னா என் கண்ணு உனக்குத் தெரிஞ்சிரும், வண்டி போயிரும். அதான் சொல்லல."

"வண்டி போயி ரெண்டு மாசம் ஆச்சேண்ணா."

"ஆமா. அந்த ரெண்டு மாசம் கோவத்துல சொல்லல."

வலப்பக்கம் கீழே காணாமல் போகும் விமானங்கள் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தன. நான் பொய்யன் என்று நினைத்த அந்தப் பெரியவர் நினைவுக்கு வந்தார். கஸ்டமர் போனில் ஸ்குரூ போடும்போது சமீபகாலமாக வலப்பக்கம் வைத்த ஸ்குரூக்களையே தேடிக்கொண்டிருந்ததும் நினைவுக்கு வந்தது. மூன்று வருஷம், என் கண்ணும் போகலாம் என்று தெரிந்து ஒருத்தன் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான். அவன் சட்டையைப் பிடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது. ஏழு முறை அவன் செத்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேனே, அதனால் பிடிக்கவில்லை.

மறுநாள் இருவரும் புதுச்சேரி பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரியில், சம்பளமே அதற்குத்தான் என்பது போன்ற சிடுசிடுப்போடு ஒரு பெண் என்னை இருட்டறைக்குள் கூட்டிப்போய், ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னாள். முகவாய்க்கு ஒரு தாங்கி. இடது கண்ணை ஒட்டி மறைத்தாள். கையில் பட்டன் வைத்த ஒரு குச்சியைக் கொடுத்தாள். நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும், சுற்றிலும் எங்காவது வெளிச்சம் மின்னினால் அமுக்க வேண்டும். நான் குச்சியின் அடியில் வயர் இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன்.

"அத ஏன் சார் இழுக்கறீங்க?" என்றாள்.

ஆரம்பித்தது. இடப்பக்கம் மின்னியது, அமுக்கினேன். மேலே மின்னியது, அமுக்கினேன். பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. மெஷின் மட்டும் உள்ளே டிக் டிக்கென்று வேலை செய்துகொண்டிருந்தது. அது எனக்குக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை என்று தெரிந்தது. சும்மா அமுக்கினேன். இன்னொரு முறை அமுக்கினேன்.

"வந்தா மட்டும் அமுக்குங்க சார். வராதப்ப அமுக்குனா மெஷினுக்குத் தெரிஞ்சிடும்."

தாளில் என் வலது கண்ணைப் படமாகப் போட்டுக் கொடுத்தார்கள். கீழ்ப்பாதியில் வலது ஓரமாகக் கருப்பு. போனது போனதுதான், மிச்சத்தைச் சொட்டு மருந்து வைத்துக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், மூன்று வருஷம் முன்னால் வந்திருந்தால் முழுசாகவே இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

வெளியே வராந்தாவில் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இரண்டு பக்கமும் கண்ணில் மருந்து விட்டு வரிசையாகக் காத்திருக்கும் ஜனம். தாளை வாங்கிப் பார்த்தான். அந்தக் கருப்பு என்னவென்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"எத்தன சுட்ட, பைலட்டு?"

"ரைட்ல வந்தவன் ஒருத்தனும் தெரியலண்ணா" என்றேன்.

அவன் எழுந்து நின்று, அத்தனை பேர் முன்னாலும், நடு மண்டையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு என் வலது பக்கமாக வந்து நின்றுகொண்டு, படி இருக்குது, பாத்து எறங்கு என்றான்.